எலக்ட்ரான் செயலி: விண்டோஸில் சமர்த்து, மேக்கில் முரண்டு, உபுண்டுவில் மௌனம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும். களப்பணியில் பதிவுசெய்த நாட்டுப்புறப் பாடல்களைப் பட்டியலிட ஒரு எலக்ட்ரான் செயலி எழுதியிருக்கிறீர்கள். ஒலிப்பதிவை எஃப்எஃப்எம்பெக் என்ற வெளி நிரல் எம்பி3 ஆக்குகிறது, விவரங்கள் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் போய் உட்காருகின்றன. எழுதியதும் சோதித்ததும் விண்டோஸில். மேக் வைத்திருக்கும் தோழி தன் கணினியிலேயே பில்ட் செய்து பார்த்தால், எஃப்எஃப்எம்பெக் இல்லை என்று பிழை வருகிறது. அவரிடம் அது இருக்கிறது. அங்கே காப்பி, பேஸ்ட்டும் வேலை செய்யவில்லை. அவர் அனுப்பிய ஃபோல்டரை நீங்கள் சேர்த்தால் கோலாட்டம், நொண்டிச் சிந்து, பொங்கல் பாட்டு ஆகியவை பட்டியலில் இரண்டிரண்டு முறை வருகின்றன; தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் ஒழுங்காக ஒருமுறைதான். உபுண்டு 24.04 வைத்திருக்கும் நண்பர் ஆப்இமேஜை (நிறுவாமலே ஓடும் ஒற்றை ஃபைல் பொட்டலம்) இரட்டைக் கிளிக் செய்தால் எதுவுமே நடப்பதில்லை. போதாததற்கு விண்டோஸிலேயே சில ஃபைல்களை அழிக்க முடியவில்லை. “ஒரே கோடு எங்கும் ஓடும் என்றார்களே, பேசாமல் டாரிக்கு மாறிவிடலாமா?” என்று, எலக்ட்ரானுக்கு மாற்றான இன்னொரு கருவியைச் சொல்லி முடித்திருக்கிறீர்கள்.

மாற வேண்டாம். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எலக்ட்ரான் என்பது குரோமியத்தையும் நோட் ஜேஎஸ்ஸையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். 2013இல் கிட்ஹப் தன் ஆட்டம் எடிட்டருக்காக ஆட்டம் ஷெல் என்ற பெயரில் தொடங்கியது, 2015இல் எலக்ட்ரான் ஆனது. குரோமியத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போவதால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். “எங்கும் ஓடும்” என்ற பேச்சு அந்த அளவுக்கு உண்மை. செயலி வெளியே கை நீட்டும் இடங்களில்தான் தகராறு: ஃபைல் சிஸ்டம், வேறொரு நிரலை அழைப்பது, மெனு, எழுத்துரு, இயங்குதளத்தின் காவல் ஏற்பாடுகள். உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லாமே அந்த வகை.

ஆனால் இயங்குதளத்தைக் குற்றம் சொல்லும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். நீங்கள் விண்டோஸில் பார்த்தது என்பிஎம் ஸ்டார்ட் கட்டளை கொடுத்து, பேக் செய்யாமல் கோடிலிருந்தே ஓடிய செயலியை. மற்ற இருவரும் பார்த்தது பேக் செய்த செயலியை. ஆக, மாறியவை இரண்டு: இயங்குதளமும் மாறியது, பேக்கேஜிங்கும் மாறியது. இதில் எது காரணம் என்று தெரியாமல் கோடில் “டார்வின் (மேக்) என்றால் இப்படி, வின்32 (விண்டோஸ்) என்றால் அப்படி” என்று இஃப் போட ஆரம்பித்தால் அது முடியவே முடியாது. எனவே முதல் வேலை: உங்கள் விண்டோஸிலேயே இன்ஸ்டாலர் செய்து, நிறுவி ஓட்டுங்கள். தோழியை டெர்மினலில் என்பிஎம் ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேக் பிரச்சினை, லினக்ஸ் பிரச்சினை என்று வருகிறவற்றில் பெரும்பகுதி உண்மையில் பேக்கேஜிங் பிரச்சினைகள். இந்த ஒரு சோதனையிலேயே அது தெரிந்துவிடும்.

பேக் செய்த செயலி வாய் திறக்காது என்பது அடுத்த தொல்லை. கன்சோல் இல்லாததால் கன்சோல் லாக் எல்லாம் காற்றில் போய்விடும். மெயின் பிராசஸின் லாகை ஒரு ஃபைலில் எழுத இன்றே ஏற்பாடு செய்யுங்கள். ஆப் மாட்யூலின் கெட்பாத்திடம் ‘லாக்ஸ்’ என்று கேட்டால் ஒவ்வொரு இயங்குதளத்திலும் எங்கே எழுதுவது முறையோ அந்த இடத்தைத் தரும். மேக்கில் செயலிப் பொட்டலத்துக்குள் கன்டென்ட்ஸ், அதற்குள் மேக்ஓஎஸ் என்ற ஃபோல்டரில் உண்மையான பைனரி இருக்கும். அதை டெர்மினலில் நேரடியாக ஓட்டினால் பிழைச் செய்திகள் கண்முன் கொட்டும். இந்தத் தந்திரத்தை நினைவில் வையுங்கள், எஃப்எஃப்எம்பெக் விஷயத்தில் இதுவே துப்பு.

அந்த விஷயத்துக்கே வருவோம். தோழி மேக்கில் என்பிஎம் ஸ்டார்ட் கொடுத்தால் மாற்றம் நடக்கும் என்று நிச்சயமாகச் சொல்வேன். பேக் செய்த பைனரியை டெர்மினலில் ஓட்டினாலும் நடக்கும். அதே செயலியை ஃபைண்டரில் இரட்டைக் கிளிக் செய்தால்தான் நோட் ‘ஈநோஎன்ட்’, அதாவது அப்படி ஒரு ஃபைல் இல்லை, என்று கைவிரிக்கும். செயலி அதேதான், அதைக் கிளப்பிவிட்டவர்தான் வேறு. டெர்மினலில் இருந்து கிளம்பும் நிரலுக்கு ஷெல்லின் ‘பாத்’ என்ற மாறி, அதாவது நிரல்களைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல், அப்படியே கிடைக்கும். மேக்கில் இப்படிப்பட்ட கருவிகளை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ தன் ஃபோல்டரை அந்தப் பாத்தில் சேர்த்திருக்கும். ஃபைண்டர் வழியாகக் கிளம்பினால், மேக்கில் நிரல்களைக் கிளப்பிவிடும் லாஞ்ச்டி கொடுக்கும் ஒல்லியான பாத் மட்டும்தான்: யூஎஸ்ஆருக்குள் இருக்கும் பின்னும் எஸ்பின்னும், ரூட்டில் இருக்கும் பின்னும் எஸ்பின்னும். ஷெல்லின் அமைப்பு ஃபைல்களை யாரும் படிப்பதில்லை. ஹோம்ப்ரூ ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ஆப்ட் ஃபோல்டரின் கீழும், பழைய இன்டெல் மேக்கில் யூஎஸ்ஆர் லோக்கலின் கீழும் நிறுவுகிறது. இரண்டுமே அந்த ஒல்லிப் பட்டியலில் இல்லை.

செயலி தொடங்கும்போது ஷெல்லை ஒருமுறை ஓட்டி, அதன் பாத்தை வாங்கி ஒட்டிக்கொள்ளும் என்பிஎம் தொகுப்புகள் உண்டு. எடிட்டர் மாதிரி, பயனர் நிறுவிய கருவிகளை எல்லாம் தேட வேண்டிய செயலிக்கு அது பொருந்தும். உங்களுக்கு வேண்டாம். பாட்டு சேகரிக்கும் ஆய்வாளரிடம் போய் ஹோம்ப்ரூ நிறுவுங்கள் என்று சொல்லப்போவதில்லையே. எஃப்எஃப்எம்பெக்கைச் செயலியோடு சேர்த்தே அனுப்புங்கள், முழுப் பாதை கொடுத்து அழையுங்கள்.

அப்படிச் சேர்க்கும்போது ஒரு குழி இருக்கிறது. பேக் செய்யும் கருவியான எலக்ட்ரான் பில்டர் உங்கள் கோடை ஏசார் என்ற ஒற்றைக் காப்பகமாகக் கட்டும். நோடின் ஃபைல் ஃபங்ஷன்களுக்கு எலக்ட்ரான் ஒட்டுப்போட்டிருப்பதால் ஏசாருக்குள் இருப்பதை ஜாவாஸ்கிரிப்டால் சாதாரண ஃபைல் போலவே படிக்க முடியும். இயங்குதளத்தைப் பொறுத்தவரை அதற்குள் ஃபோல்டரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அது ஒரே ஃபைல். அதற்குள் இருக்கும் பைனரியை ஸ்பான் செய்தால், அதாவது தனி நிரலாக ஓட்ட முயன்றால், கிடைக்காது. எனவே எஃப்எஃப்எம்பெக்கை எக்ஸ்ட்ரா ரிசோர்சஸ் என்ற அமைப்பில் வெளியே வையுங்கள். ஓடும்போது பிராசஸ் ஆப்ஜெக்டின் ரிசோர்சஸ்பாத்தில் இருந்து பாதையைக் கட்டுங்கள். இதே காரணத்தால் செயலியின் சொந்த ஃபோல்டரில் எதையும் எழுத முயலாதீர்கள். டேட்டாபேஸ் யூசர்டேட்டா ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும். விண்டோஸில் அது ஆப்டேட்டாவின் ரோமிங்குக்குள், மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், லினக்ஸில் வீட்டு ஃபோல்டரின் டாட் கான்ஃபிக்.

ஏசாரில் இன்னொன்று. அதற்குள் ஃபைல் பெயர் தேடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் மேக்கின் ஏபிஎஃப்எஸ்ஸும் வழக்கமான அமைப்பில் அதைப் பார்ப்பதில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்க்கும். ஒரு மாட்யூலின் பெயரைக் கோடில் முதல் எழுத்துப் பெரிதாகவும் டிஸ்கில் சிறிதாகவும் வைத்திருந்தால் உங்கள் கணினியில் என்பிஎம் ஸ்டார்ட்டில் ஓடும், பேக் செய்ததும் அதே கணினியில் படுத்துவிடும். பெயரின் எழுத்தளவை மட்டும் மாற்றினால் விண்டோஸில் கிட் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். கிட் எம்வி கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

காப்பி, பேஸ்ட் விஷயம் எளிது. விண்டோஸில் மெனு பட்டை அசிங்கமாக இருக்கிறது என்று அப்ளிகேஷன் மெனுவுக்கு நல் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். விண்டோஸில் அதனால் குறுக்குவிசைகளுக்கு ஒன்றும் ஆகாது. மேக்கில் கமாண்ட்-சி, கமாண்ட்-வி இரண்டும் எடிட் மெனுவின் வழியாகத்தான் பாய்கின்றன. மெனு இல்லை என்றால் அந்த விசைக்கு யாரும் பதில் சொல்வதில்லை. மேக்குக்கு மட்டும் ஒரு மெனு கட்டுங்கள்: ஆப் மெனு, எடிட் மெனு, விண்டோ மெனு. எலக்ட்ரானில் இவற்றுக்கென்றே ஆயத்த ரோல்கள் உண்டு, நாலு வரி வேலை. சொந்தக் குறுக்குவிசைகளுக்கு ‘கமாண்ட்ஆர்கன்ட்ரோல்’ என்று எழுதினால் இரண்டு பக்கமும் சரியாகும். இன்னொன்று, கடைசி ஜன்னலை மூடினால் மேக்கில் செயலி ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அது பிழையில்லை, மேக்காரர்கள் எதிர்பார்ப்பது. ஆனால் டாக்கில் கிளிக் செய்ததும் ஜன்னல் திரும்ப வரவேண்டும். ஆக்டிவேட் நிகழ்வைக் கவனித்து ஜன்னலைப் புதிதாகத் திறப்பது உங்கள் பொறுப்பு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோலாட்டம் ஏன் இரண்டு, தாலாட்டு ஏன் ஒன்று?

இரட்டையாக வந்த பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கோலாட்டத்தில் கோ. நொண்டிச் சிந்தில் நொ. பொங்கல் பாட்டில் பொ. ஒழுங்காக வந்த தாலாட்டு, ஒப்பாரி, கும்மி மூன்றிலும் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் ஒன்றுகூட இல்லை. (ஒப்பாரியில் வருவது தனி உயிர்; அது கணக்கில் சேராது.) யூனிகோடில் கொ, கோ, கௌ ஆகியவற்றின் உயிர்க்குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒரே குறியெண்ணாக, தசம எண்ணில் சொன்னால் 3019 என்று இருக்கலாம். அல்லது 3015 என்ற ஏகாரக் குறியும் 3006 என்ற காலும் அடுத்தடுத்து நிற்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், யூனிகோடும் இவை சமம் என்றே சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் மூன்று சமக்குறியோ, வேறு என்று அடித்துச் சொல்லும். ஒகரம் 3018 அல்லது 3014உம் 3006உம். ஔகாரம் 3020 அல்லது 3014உம் 3031உம். தனித்து நிற்கும் ஔவுக்கும் இப்படிப் பிரிந்த வடிவம் உண்டு. ஔவையார் பாடல்கள் ஏதாவது வைத்திருந்தால் அதுவும் இரட்டையாகும்.

இதில் மேக்குக்கு என்ன பங்கு? 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம், பெயர் எப்படி வந்தாலும் பிரித்த வடிவமாக்கியே சேமித்தது. 2017இல் ஹைசியராவோடு வந்த ஏபிஎஃப்எஸ் அப்படி மாற்றுவதில்லை, கொடுத்ததை அப்படியே வைக்கும். தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் ஒன்றாகக் கொள்ளும். ஆனால் ஆப்பிளின் சொந்த நூலகங்கள் பழைய வழக்கப்படி பெயரைப் பிரித்தே ஃபைல் சிஸ்டத்திடம் தருவதால், ஃபைண்டரில் பெயரிட்ட ஃபைல் இன்றைக்கும் பிரித்த வடிவத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். தோழி அதை ஜிப் செய்து அனுப்புகிறார். உங்கள் விண்டோஸில் ஏற்கெனவே நீங்கள் தட்டச்சு செய்த சேர்ந்த வடிவம் இருக்கிறது. என்டிஎஃப்எஸ்ஸுக்கும் எக்ஸ்ட்4க்கும் அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ‘கோலாட்டம்’ நிம்மதியாகக் குடியிருக்கும். எஸ்க்யூலைட்டின் யூனிக் கட்டுப்பாடும் வழக்கமாக பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது, எனவே அதுவும் தடுக்காது.

சந்தேகமிருந்தால் டெவ்டூல்ஸைத் திறந்து இரண்டு பெயர்களின் லெங்த்தையும் கேளுங்கள். நீட்டிப்பு நீங்கலாக, சேர்ந்த வடிவக் ‘கோலாட்டம்’ 9, பிரிந்தது 10. லோக்கேல்கம்பேர் போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். அது யூனிகோட் சமத்துவத்தை மதித்து இரண்டும் ஒன்று என்று பூஜ்யம் தரும். பட்டியலை வரிசைப்படுத்தும்போது கோளாறு தெரியாமல், தேடும்போதும் சேமிக்கும்போதும் மட்டும் வெளிவருவது இதனால்தான்.

தீர்வு என்று கேட்டால் எல்லோரும் சொல்வது, நார்மலைஸ் மெத்தடில் என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) கொடுத்து மாற்றிவிடுங்கள் என்பது. பாதி சரி. ஒப்பிடுவதற்கும் தேடுவதற்கும் யூனிக் கட்டுப்பாட்டுக்கும் என்எஃப்சி ஆக்கிய பெயரை ஒரு தனிப் பத்தியில் வையுங்கள். ஆனால் ஃபைலைத் திறக்கப் பயன்படுத்தும் பாதையை மட்டும் தொடாதீர்கள். டிஸ்க் எப்படிக் கொடுத்ததோ அப்படியே, ஒரு எழுத்தும் மாறாமல் சேமியுங்கள். ஏபிஎஃப்எஸ்ஸில் மாற்றினாலும் திறந்துவிடும். உபுண்டுவில் பிரித்த வடிவத்தில் கிடக்கும் ஃபைலை என்எஃப்சி ஆக்கிய பெயரால் கேட்டால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று வரும். ஒரு கோளாறை மூடப்போய் இன்னொன்றைத் திறந்துவிட்டதாக ஆகும். பயனர் தேடல் பெட்டியில் தட்டுவதையும் என்எஃப்சி ஆக்கிய பிறகே தேடலுக்கு அனுப்புங்கள்.

கௌரி என்பதைக் கெ, ள என்று தட்டச்சு செய்யும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அதை எந்த நார்மலைசேஷனும் திருத்தாது. 3031உம் 2995 ஆகிய ளகரமும் யூனிகோடுக்கு வேறு வேறு எழுத்துகள். களப்பணிக் குறிப்பு பல கை பட்டது என்றால் இதற்குத் தனியாக ஒரு சரிபார்ப்பு வைப்பது நல்லது. தானாக மாற்றிவிடாமல் பயனரிடம் கேளுங்கள், ‘கெளுத்தி’ போன்ற உண்மையான கெள-க்களும் இருக்கின்றன.

உபுண்டுவின் மௌனத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகவும் வரலாம். நண்பரை டெர்மினலில் ஓட்டச் சொல்லுங்கள். ஃப்யூஸ் (ஆப்இமேஜை ஃபோல்டர் போல மவுன்ட் செய்ய உதவும் வசதி) பற்றிப் புலம்பினால், வழக்கமான ஆப்இமேஜுக்கு வேண்டிய பழைய லிப்ஃப்யூஸ்2 அங்கே இல்லை என்று பொருள், உபுண்டு 22.04 முதல் அது இயல்பாக வருவதில்லை. அதை நிறுவிய பிறகு அடுத்த செய்தி வரும்: சேண்ட்பாக்ஸ் உதவி பைனரி சரியாக அமைக்கப்படவில்லை என்று. குரோமியம் தன் ரெண்டரர் பிராசஸ்களைக் கூண்டில் அடைக்க, சாதாரணப் பயனரும் உருவாக்கக்கூடிய யூசர் நேம்ஸ்பேஸ் என்ற கெர்னல் வசதியைப் பயன்படுத்துகிறது. பாதுகாப்புக் காரணங்களுக்காக 24.04இல் உபுண்டு அதை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் மூலம் கட்டுப்படுத்தியது. அது கிடைக்காதபோது குரோமியம் ரூட் உரிமையோடு ஓடும் பழைய உதவி பைனரியைத் தேடும். ஆப்இமேஜ் மவுன்ட் ஆகும் விதத்தில் அந்த ரூட் உரிமை செல்லாது. இரண்டு கதவும் மூடியாகிவிட்டது.

தேடினால் கிடைக்கும் முதல் பதில் ‘நோ சேண்ட்பாக்ஸ்’ கொடியைப் போட்டு ஓட்டுங்கள் என்பதாக இருக்கும். கோளாறு இதுதானா என்று உறுதிசெய்ய ஒருமுறை போட்டுப் பாருங்கள், சரி. அதையே ஷார்ட்கட்டில் எழுதி ஊருக்கெல்லாம் அனுப்புவது கதவு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது போன்றது. உபுண்டுவுக்கு டெப் பொட்டலமாகக் கொடுங்கள். நிறுவும்போது ரூட் உரிமை இருப்பதால், உங்கள் செயலிக்கு மட்டும் நேம்ஸ்பேஸ் அனுமதி தரும் ஆப்ஆர்மர் ப்ரொஃபைல் ஒன்றை நிறுவல் ஸ்கிரிப்டிலேயே வைத்துவிடலாம்.

டெப் கட்டும்போது ஒரு குறிப்பு: எவ்வளவு பழைய உபுண்டுவில் ஓட வேண்டுமோ அவ்வளவு பழையதில் கட்டுங்கள். எஸ்க்யூலைட் மாட்யூல் சி++இல் எழுதியது. கட்டிய கணினியின் ஜிலிப்சியை (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) விடப் பழைய ஜிலிப்சி இருக்கும் இடத்தில் அது ஏற மறுக்கலாம். நேட்டிவ் மாட்யூலுக்கு எலக்ட்ரானின் பதிப்பும் பொருந்த வேண்டும். நோட் மாட்யூல் வெர்ஷன் பொருந்தவில்லை என்று பிழை வந்தால் எலக்ட்ரான் ரீபில்ட் ஓட்டினால் போதும். ஆப்பிள் சிலிக்கானுக்கும் இன்டெல்லுக்கும் தனித்தனி பைனரி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

விண்டோஸில் அழியாத ஃபைல்களுக்கு வருவோம். இங்கே உங்கள் கோடில் இருக்கும் அலட்சியத்தை விண்டோஸ் மட்டும் கண்டிக்கிறது, மற்ற இரண்டும் மன்னிக்கின்றன. யுனிக்ஸ் மரபில் திறந்திருக்கும் ஃபைலையும் அழிக்கலாம். பெயர் போய்விடும், உள்ளடக்கம் கடைசி ஆள் மூடும்வரை இருக்கும். விண்டோஸில் திறந்து வைத்திருப்பவர் அனுமதித்திருந்தால் ஒழிய ‘ஈபிஸி’ (பயன்பாட்டில் இருக்கிறது) அல்லது ‘ஈபெர்ம்’ (அனுமதி இல்லை) என்று பிழை வரும். உங்கள் செயலியில் யார் திறந்து வைத்திருப்பார்கள்? ஒன்று, பாடலை இசைத்துக்கொண்டிருக்கும் ஆடியோ எலிமென்ட். நிறுத்தினால் மட்டும் போதாது. எஸ்ஆர்சி பண்பை நீக்கிவிட்டு லோட் மெத்தடை அழையுங்கள். இரண்டு, இன்னும் முடியாத எஃப்எஃப்எம்பெக். அதன் குளோஸ் நிகழ்வு வந்த பிறகே அழிக்கும் வேலையைத் தொடங்குங்கள். மூன்றாவதாக, புதிதாக உருவான ஃபைலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆன்டிவைரஸ். அதற்குச் சிறிது இடைவெளி விட்டு மீண்டும் முயல்வதைத் தவிர வழியில்லை. களப்பணி ஒலிப்பதிவை நிரந்தரமாக அழிக்கும் பொத்தானே இருக்கக்கூடாது என்பேன். ஷெல் மாட்யூலின் ட்ராஷ்ஐட்டம் மூன்று இயங்குதளத்திலும் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும், அதைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களைக் கட்டாயம் தேடி வரப்போகிற ஒன்று: பதிவு நேரத்தை ஃபைல் பெயரில் சேர்க்கிறீர்கள் என்றால் 10:30 என்று முக்காற்புள்ளி வைக்காதீர்கள். லினக்ஸில் அது சாதாரண எழுத்து. என்டிஎஃப்எஸ்ஸில் அது ஒரு ஃபைலின் மறைவான துணை ஓடையைக் குறிக்கும் குறி. ‘ஒப்பாரி 10:30’ என்று எழுதினால் பிழை வராமலேயே ‘ஒப்பாரி 10’ என்ற ஃபைல் பூஜ்ய பைட்டாக உருவாகி, ஒலி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஓடையில் போய்ச் சேரும். அதைப் பென்டிரைவில் காப்பி செய்தால், பென்டிரைவ் ஃபேட் வகையாக இருந்தால், ஒலி காணாமல் போகும். பிழை காட்டி நிற்கும் கோளாறைவிட இந்த மாதிரி மௌனக் கோளாறுதான் ஆபத்து. கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள்குறி ஆகியவையும் விண்டோஸ் பெயரில் ஆகாது. பெயரின் கடைசியில் வரும் புள்ளியையும் இடைவெளியையும் அது சொல்லாமல் விழுங்கிவிடும்.

தோழிக்குச் செயலி தடையின்றித் திறந்தது அவர் தன் கணினியிலேயே கட்டியதால்தான். அதையே டிஎம்ஜி ஆக்கி இணையத்தில் ஏற்றி இன்னொருவர் இறக்கினால், பிரவுசர் அதன்மேல் குவாரன்டைன் முத்திரை குத்தும், மேக்கின் காவலாளியான கேட்கீப்பர் வாசலில் நிறுத்தும். செயலி சேதமடைந்திருக்கிறது என்றுகூட மேக் சொல்லும். அதற்கு ஆப்பிள் டெவலப்பர் கணக்கு எடுத்து, கையொப்பமிட்டு, நோட்டரைஸ் செய்ய (ஆப்பிளுக்கு அனுப்பிச் சரிபார்ப்பு வாங்க) வேண்டும். 2019இல் வந்த கேட்டலினா முதல் இது நடைமுறையில் கட்டாயம். உள்ளே வைத்த எஃப்எஃப்எம்பெக்குக்கும் கையொப்பம் வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். விண்டோஸில் மேக்கை விர்ச்சுவல் மெஷினாக ஓட்டிச் சோதிக்கலாமே என்று தோன்றும்; ஆப்பிளின் உரிமம் ஆப்பிள் வன்பொருளில் மட்டுமே அதை அனுமதிக்கிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றும் வாடகைக்குக் கிடைக்கின்றன, மூன்று பில்டையும் அங்கேயே கட்டுங்கள்.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. சிஸ்டம் எழுத்துருவை நம்பினால் தமிழ் விண்டோஸில் நிர்மலா யூஐயிலும், மேக்கில் தமிழ் சங்கம் எம்என்னிலும், உபுண்டுவில் நோட்டோ அல்லது லோகித்திலும் வரும். ஒவ்வொன்றின் உயரமும் வேறு. விண்டோஸில் அழகாக நிற்கும் பொத்தானில் மேக்கில் கொக்கி வெட்டுப்படும், உகரத்தின் வால் போய்விடும். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, செயலிக்குள் வைத்து அனுப்புங்கள். லைன் ஹைட்டை பிக்சலில் கட்டிப்போடாதீர்கள்.

இப்போது டாரி. அது நல்ல கருவி, செயலியின் அளவு பல மடங்கு குறையும். ஆனால் அது குரோமியத்தைக் கூட எடுத்துப் போவதில்லை. விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகேவெப்வியூ, லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே என்று அந்தந்த ஊர்ச் சரக்கை எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன பாத், நார்மலைசேஷன், முக்காற்புள்ளி, கையொப்பம் எல்லாம் அங்கேயும் அப்படியே இருக்கும். இதுவரை ஒன்றாக இருந்த எச்டிஎம்எல் பக்கமும் மூன்றாகப் பிரியும். அதிலும் உங்களுடையது பாட்டுக் கேட்கும் செயலி. வெப்கிட்ஜிடிகே ஒலியை இசைக்க ஜிஸ்ட்ரீமரை நம்பியிருக்கிறது. வேண்டிய பிளக்இன் நிறுவாத லினக்ஸில் ஆடியோ எலிமென்ட் வாய் திறக்காது. உபுண்டு நண்பரிடமிருந்துதான் உங்களுக்கு முதல் புகார் வரும்.